ஆழியாறு–வால்பாறை மலைச்சாலையும் செல்போனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, பள்ளிகளிலும் டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் (தொழிலாளர்கள் வசிக்கும் வரிசை வீடுகள்) காட்டைப் பற்றியும், மலைச்சாலையில் வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவதைப் பற்றியும் பேசிவருகிறோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. இன்னொருவர் முப்பது ஆண்டு வேன் ஓட்டியவர். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். பேச்சு முடிந்ததும் கூட்டத்தில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

காட்டைப் பற்றிச் சொல்லித்தர வந்தவர்கள் செல்போனைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்?

முதல் கூட்டத்திலேயே ஒரு டெம்போ டிரைவர் சலிப்போடு கேட்டது இது. அன்று எங்களிடம் உருப்படியான பதில் இல்லை. வால்பாறையில் யானை தாக்கி இறந்தவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் சேகரித்த விவரங்களைப் படித்தபோதுதான் பதில் பிடிபட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் யானையைச் சீண்டியவர்கள் அல்லர். இருட்டியபின் கடைக்கோ வீட்டுக்கோ நடந்து போகையில், அங்கே யானை நிற்பது தெரியாமல் கிட்டத்தில் போய்விட்டவர்கள். தெரியாமல் எதிர்ப்படுவதுதான் கொன்றிருக்கிறது.

சாலையில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. அங்கே தெரியாமல் போய் மோதுவது நாம். சாவது பெரும்பாலும் விலங்கு, சில நேரம் இருவரும். விலங்கு ஹாரன் அடிக்காது, இண்டிகேட்டர் போடாது. அது வருவதைச் சொல்ல இந்தச் சாலையில் இருக்கும் முதல் கருவி ஓட்டுகிறவரின் கவனம்தான். அந்தக் கவனத்தைத்தான் செல்போன் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எங்களைப் பொறுத்தவரை இது காட்டுப் பாடம்தான்.

அப்படி என்னதான் குறுக்கே வந்துவிடும்?

ஆழியாறு சோதனைச்சாவடியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் ஊடாகவே சாலை ஏறுகிறது. ஒன்பதாவது வளைவில், அணையைப் பார்ப்பதற்காக எல்லோரும் நிறுத்தும் லோம்ஸ் வியூ பக்கம், வரையாடுகள் தடுப்புச் சுவர்மேல் நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். நம் மாநில விலங்கு இவ்வளவு எளிதாகக் கண்ணில் படும் இடங்கள் குறைவு. மேலே போகப் போகக் காட்டெருமை, கடமான், கேளையாடு, முள்ளம்பன்றி, மரநாய், சிறுத்தை. யானை எந்த வளைவிலும் நிற்கலாம். வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள்.

பெரிய விலங்குகளை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கையில் அதிகம் அடிபடுவது தவளையும் பாம்பும் பூச்சிகளும்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஈரச்சாலையில் தவளைகள் இறங்குகின்றன. மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் மழைநீர் புகுந்ததும் வெளியே வருகின்றன. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனங்கள் அவற்றில் இருக்கின்றன. லாரிச் சக்கரத்துக்கு அந்த விவரம் தெரியாது. நேர்மையாகச் சொன்னால், செல்போனைத் தொடாமல் ஓட்டினாலும் இவற்றில் பலவற்றைக் காப்பாற்ற முடியாது. மழை இரவில் பயணத்தைத் தவிர்ப்பது ஒன்றே அவற்றுக்கு உதவும்.

இருபது வருடமாகப் பேசிக்கொண்டேதான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

எங்கள் வேன்கார நண்பரும் இதைச் சொன்னவர்தான். அவருடைய பதிலையே தருகிறேன்: "ஒன்றும் ஆகவில்லை என்பது என் திறமை என்று நினைத்திருந்தேன். எதிரே வந்தவர்கள் எத்தனை பேர் எனக்காகப் பிரேக் போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

ஆய்வுகளும் இருக்கின்றன. 1997-இல் கனடாவின் டொரான்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பேசும்போது விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்வது அந்த நான்கு மடங்கைத்தான். 2009-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் லாரிகளில் கேமரா பொருத்திப் பார்த்தார்கள். குறுஞ்செய்தி அடிக்கும் ஓட்டுநர், இக்கட்டு நேரும் தருணத்தை ஒட்டிய ஆறு வினாடிகளில் சராசரியாக 4.6 வினாடிகள் சாலையைப் பார்க்கவே இல்லை. ஆபத்து 23 மடங்கு.

4.6 வினாடி என்றால் சிறியதாகத் தெரியும். நம் மலைச்சாலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு எட்டு மீட்டருக்குமேல், 4.6 வினாடியில் 38 மீட்டர். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம். கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்குள் நுழைந்து வெளியே வந்துவிடலாம், கண்ணை மூடிக்கொண்டு.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியதால் என்று பதிவானவை 3,395 மரணங்கள். என் கருத்தில் இரண்டாவது எண் மிகவும் குறைவு. விபத்து நடந்த இடத்தில் வேகத்துக்குத் தடயம் கிடைக்கும், குடிக்கு வாசனை இருக்கும். நின்றுபோன அழைப்புக்கு என்ன இருக்கிறது? அந்த 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

நான் கையில் பிடிப்பதில்லை. ப்ளூடூத்தில் பேசுகிறேன். அது பரவாயில்லை அல்லவா?

கை சும்மா இருக்கிறது, மனம் சும்மா இல்லை. டொரான்டோ ஆய்விலேயே கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக நடந்த சோதனைகள் காரணத்தை விளக்குகின்றன. பேசிக்கொண்டே ஓட்டுகிறவரின் கண் எதிரே இருப்பதன்மேல் படுகிறது. மூளை அதைப் பதிவுசெய்வதில்லை. "பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை" என்று விபத்துக்குப் பின் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி எங்களையே திடுக்கிட வைத்தது. குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் மனம் முழுதாகச் சாலைக்குத் திரும்ப, பயன்படுத்தக் கடினமான கருவிகளில் 27 வினாடி வரை ஆகிறது என்று 2015-இல் கண்டறிந்தார்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 225 மீட்டர். அழைப்பை முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஓட்டும் அந்த 225 மீட்டரும் பேசிக்கொண்டே ஓட்டுவதற்குச் சமம்தான்.

மலையில் ஒரு தொல்லை கூடுதல். சிக்னல் வளைவுக்கு வளைவு வரும், போகும். "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்துவதும் மறுபடி அழைப்பதும் சமவெளியில் இல்லாத வேலை.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதும் அதே பேச்சுதானே?

இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் கண் இருக்கிறது. எதிரே லாரி வந்தால் அவர் பேச்சை நிறுத்துகிறார். பாதிச் சொல்லில் "பார்த்து, பார்த்து" என்கிறார். கோயம்புத்தூரில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு நீங்கள் பதினெட்டாவது வளைவில் இருப்பது தெரியாது. அவர் சீட்டுப்பணம் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? அபராதம் எவ்வளவு?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஆபத்தாக ஓட்டுவது பற்றியது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை அந்தப் பிரிவுக்குள் நேரடியாகச் சேர்த்துவிட்டது. முதல் முறை: ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். நீதிமன்றம் போகாமல் கட்டும் தொகையைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் உயர்த்தியது: முதல் முறை 1,000, அடுத்த முறை 10,000.

டிரைவர்களுக்கு அபராதத்தைவிட உறைப்பது லைசென்ஸ். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, செல்போன் பேசியபடி ஓட்டுகிறவரின் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015-இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. டாக்ஸி ஸ்டாண்டில் ஆயிரம் ரூபாய் என்றால் சிரிப்பார்கள்; மூன்று மாதம் என்றால் அமைதியாகிவிடுவார்கள்.

வழி பார்க்க மேப் வைத்துக்கொள்ளலாமா?

சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். 2020 அக்டோபர் முதல் விதி தெளிவாக இருக்கிறது: வழி காட்டுவதற்கு மட்டும், ஓட்டுகிறவரின் கவனம் கலையாத வகையில். ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு இருப்பது ஒரே சாலை. மேப் பார்த்து எங்கே திரும்பப் போகிறீர்கள்? ஊருக்குள் போய் விடுதியைத் தேடும்போது திறந்தால் போதும்.

வால்பாறையில் யானை வருகிறது என்ற எச்சரிக்கையே செல்போனில்தானே வருகிறது? அதை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

நாங்கள் மிகவும் விரும்பும் கேள்வி. செல்போனைத் திட்டுவதற்காகக் கூட்டம் போடுகிறோம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

வால்பாறைப் பீடபூமி ஒரு தேயிலைக் கடல். நடுநடுவே தீவுகளாகத் துண்டுச் சோலைகள். அந்தத் தீவுகளுக்கிடையே யானைகள் காலங்காலமாக நடக்கின்றன. மனிதர்களும் அங்கேயே வசிக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் ஆய்வு அமைப்பினர் வனத்துறையோடு சேர்ந்து எளிய ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரியாகப் போட்டார்கள். பிறகு, அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தி. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. அதோடு, மேடான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்குகள். விளக்குப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. பொறுப்பில் இருக்கும் உள்ளூர்க்காரர் தன் செல்போனிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். யானை நகர்ந்துவிட்டால் அணைப்பார். இதை முன்னின்று செய்த ஆய்வாளருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது. எனக்கு விருதைவிடப் பெரிதாகத் தெரிவது, விளக்கை எரியவிடும் பொறுப்பு அந்தந்தத் தோட்டத்து ஆட்களிடமே இருந்ததுதான். யானை தன் வழியில் போகிறது, மனிதர் தன் வழியில் போகிறார், இருவரும் முட்டிக்கொள்வதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் குறுஞ்செய்தியைப் பார்க்க வேண்டிய நேரம், கிளம்புவதற்கு முன். வண்டியில் வேறொருவர் இருந்தால் அவர் பார்த்துச் சொல்லலாம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிவப்பு விளக்கைப் பாருங்கள். அதைப் பார்க்கவும் தலை நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். யானை வருகிறதா என்று பார்க்கக் குனிந்து யானைமேலேயே போய் மோதினால், அதைவிடப் பரிதாபம் வேறில்லை.

சிங்கவால் குரங்கு சாலையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?

அது ஏன் சாலையில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சிங்கவால் குரங்கு மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்வது. புதுத்தோட்டத்தில் சோலை துண்டாகிக் கிளைகளின் தொடர்ச்சி அறுந்துபோனதால் தரைக்கு வந்தது. பிறகு சிப்ஸும் வாழைப்பழமும் கிடைக்கவே அங்கேயே தங்கக் கற்றுக்கொண்டது. அதன் தலைக்குமேல் மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள்; குரங்குகள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்கின்றன. கூட்டம் சாலையைக் கடக்கும்போது கொடியோடு நின்று வண்டிகளை நிறுத்த ஆட்களும் இருக்கிறார்கள். மேலே பாலம் போட்டு அழைக்கிறார்கள், கீழே நாம் பிஸ்கட் போட்டு இறக்குகிறோம்.

ஓட்டிக்கொண்டே படம் எடுப்பது பற்றிப் பேசவே வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி எடுப்பதும் எல்லா இடத்திலும் சரியல்ல. காப்பகத்துக்குள் அனுமதியில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் ஒரே வரியில் தடை செய்கிறது. இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்த்தவருக்குக் காடு புரிந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் இறங்கி யானையோடு படம் எடுக்கப் போனவர் மிதிபட்டு உயிர் தப்பினார். பிறகு கர்நாடக வனத்துறையிடம் 25,000 ரூபாய் அபராதமும் கட்டினார்.

செல்போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டால்?

ஹெல்மெட் பாதி கழன்ற நிலையில் இருக்கிறது, ஒரு காது அடைத்திருக்கிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வது இதைவிட மோசம்: கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் அதே பக்கம் சாயும்.

நான் ஓட்டும்போது எடுப்பதில்லை. ஆனால் முதலாளி திட்டுகிறார், வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?

எங்கள் வேலையில் பெரும்பகுதி இப்போது இங்கேதான் போகிறது. ஆரம்பத்தில் டிரைவர்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்தோம். ஒருநாள் பொள்ளாச்சியில் ஒரு ஸ்டாண்டில், உட்கார்ந்திருந்த பதினோரு டிரைவர்களிடமும் "ஓட்டும்போது உங்களை யார் அழைக்கிறார்கள்?" என்று கேட்டோம். வண்டி உரிமையாளர், மனைவி, அடுத்த சவாரிக்காரர். இந்த மூவரைத் தவிர வேறு யாரும் அநேகமாக வரவில்லை. குற்றம் இரண்டு முனையில் நடக்கிறது, நாங்கள் ஒரு முனையில் மட்டும் உபதேசம் செய்துகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு லைன் வீடுகளில் பெண்களோடு பேசத் தொடங்கினோம். அங்கே ஒரு அக்கா சொன்னது மறக்க முடியாதது: "அவர் எடுத்துப் பேசினால் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். அதற்காகத்தான் கூப்பிடுகிறேன்." அன்பாகத்தான் அழைக்கிறார். பயத்தில் அழைக்கிறார். எடுக்காவிட்டால் பயம் அதிகமாகிறது, மறுபடி அழைக்கிறார். இங்கே டிரைவர் நாலாவது முறை மணி அடித்ததும் எடுத்துவிடுகிறார்.

அவர்களே கண்டுபிடித்த வழி இது. ஏறும்போது அட்டகட்டி, வாட்டர்ஃபால், ரொட்டிக்கடை என்று மூன்று இடங்கள். வண்டியை நிறுத்த இடம் உண்டு, டீக்கும் வழி உண்டு. அந்த இடங்களிலிருந்து டிரைவர் அழைப்பார். நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வராது. அழைக்க நேர்ந்தால் எடுத்ததும் முதல் கேள்வி "வண்டி ஓட்டுகிறீர்களா?" ஆமாம் என்றால் உடனே வைத்துவிட வேண்டும், "ஒரே நிமிடம்" கிடையாது. ஒரு லைனில் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அப்பா வண்டியில் இருக்கும்போது அம்மா போனை எடுத்தால் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். அம்மாக்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாளிகள் கடினம். ஒரு டிராவல்ஸ் உரிமையாளர், "போன் எடுக்காத டிரைவர் எனக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். சிலர், மலை ஏறும் ஒன்றரை மணி நேரத்துக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே "வண்டி மலையில் இருக்கிறது" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுகிறார்கள். செலவு இல்லாத ஏற்பாடு.

நான் பயணி. டிரைவர் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

"போனை வையுங்கள்" என்பதைவிட "நான் பிடித்துக்கொள்கிறேன், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள் அண்ணா" என்பது வேலை செய்கிறது. அல்லது, "ஓரமாக நிறுத்திப் பேசிவிட்டு வாருங்கள், எங்களுக்கு அவசரம் இல்லை." இந்த வாக்கியத்தின் பின்பாதிதான் முக்கியம். டிரைவர்கள் ஓடிக்கொண்டே பேசுவதற்குப் பாதிக் காரணம், நிறுத்தினால் பயணி முகம் சுளிப்பார் என்பது. பஸ்ஸில் என்றால் கண்டக்டரிடம் சொல்லுங்கள். வீடியோ எடுத்துப் பரப்புவது கடைசி வழி. அதற்குள் இன்னும் பத்து வளைவு கடந்திருக்கும்.

மலைச்சாலையில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடாகிக் கைவிடும். கவர்கல் பக்கம் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கும், அப்போது முகப்பு விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், விளக்கை அடித்து அடித்துக் காட்டாமல் காத்திருங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அவருக்காகவும் சேர்த்துப் பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

பள்ளியில் இதை எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்? எங்கள் ஊரிலும் நடத்தலாமா?

தாராளமாக நடத்தலாம், எங்கள் அனுமதி வேண்டாம். ஒரு கயிறும் ஒரு பந்தும் போதும்.

38 மீட்டர் கயிற்றை மைதானத்தில் நீட்டி வையுங்கள். ஒரு முனையில் ஒரு பிள்ளை செல்போன் அட்டையைப் படித்தபடி நிற்கும். கயிற்றின் நீளத்தில் மற்ற பிள்ளைகள் குரங்காக, மானாக, தவளையாக இஷ்டம்போல் குறுக்கே கடக்கலாம். படிக்கும் பிள்ளை கயிற்றின் மறுமுனை வரை நிமிராமல் நடந்து போக வேண்டும். யார் யார்மேல் மோதியதோ அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஆறாம் வகுப்பில் ஒருமுறை குரங்குக் கூட்டம் முழுவதும் உட்கார்ந்துவிட்டது. அந்த அமைதியை எந்தச் சுவரொட்டியாலும் உண்டாக்க முடியாது.

இரண்டாவது விளையாட்டு பெரியவர்களுக்கு. பந்தை இருவர் எறிந்து பிடிக்க வேண்டும். சுலபம். இப்போது ஒருவர் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிடிக்க வேண்டும். பதிமூன்று ஐந்து அறுபத்தைந்து வரை சமாளிப்பார்கள். பதிமூன்று ஏழு வரும்போது பந்து விழும், அல்லது வாய்ப்பாடு நிற்கும். ப்ளூடூத் பற்றிய பதிலைப் பிறகு விளக்க வேண்டியதே இல்லை.

1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வி பற்றிக் கொடுத்த தீர்ப்பில், சினிமா கொட்டகைகளில் சிலைடு போட வேண்டும் என்றும் ஓர் உத்தரவு உண்டு. சிலைடு வந்ததும் முறுக்கு வாங்க எழுந்து போன தலைமுறை நாங்கள். அதனால்தான் சொல்கிறேன்: அறிவிப்பு வேறு, கல்வி வேறு. 1977-இல் திபிலிசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களில் விழிப்புணர்வோடு நிறுத்தாமல் திறனையும் பங்கேற்பையும் சேர்த்திருந்தது. லைன் வீட்டுப் பெண்கள் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கடைசிச் சொல்லுக்கு நல்ல உரை.

இதனால் ஏதாவது மாறியிருக்கிறதா?

எண்ணிச் சொல்ல எங்களிடம் கணக்கு இல்லை. கணக்கு எழுதுகிறவன் நானே இப்படிச் சொல்வது வெட்கமாகத்தான் இருக்கிறது. சில டாக்ஸிகளில் ஏறும்முன் செல்போன் டேஷ்போர்டு பெட்டிக்குள் போவதைப் பார்க்கிறோம். சுற்றுலா வருபவர்களிடம் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஒரு நாளைக்கு மட்டும் வந்து போகிறவரை வகுப்பில் உட்கார வைக்க முடியாது. சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில், செல்போனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்பது எங்கள் நீண்டநாள் கோரிக்கை.

விலங்கு அடிபட்டுக் கிடந்தால், அல்லது மனிதர் அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வது?

விலங்கு என்றால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அடிபட்ட குரங்கும் கடிக்கும். அடுத்த வனத்துறைச் சாவடியில் இடத்தைச் சொல்லுங்கள். எத்தனையாவது வளைவு என்று சொன்னாலே போதும், பலகையில் எண் இருக்கும்.

மனிதர் என்றால் 108. உதவியவரைக் காவல்துறை அலைக்கழிக்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுவோருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாக அது சட்டமாகவே ஆகிவிட்டது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும்.

சிக்னல் இல்லாவிட்டால் பதறாதீர்கள். எதிரே இறங்கும் முதல் பஸ்ஸை நிறுத்தி, டிரைவரிடம் வளைவு எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். செல்போன் வருவதற்கு முன்பும் இந்த மலையில் செய்தி அப்படித்தான் இறங்கியது.